நடுப்புயலில் உலர்ந்த வேட்டி

நலமே விளைக. பெரும்புயலின் நட்ட நடுவில் தம் ஈர வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டு, அது ஒரு நூலும் ஆடாமல் மொரமொரவென்று காய்ந்ததைக் கண்டு களித்த பெருமானும், கடல்மீன்கள் யாவும் பெயர்சொல்லி நலம் கேட்கும் தோழரும், முடியை மகளுக்குத் தந்துவிட்டுச் சங்குத்துறைக் கடலோர மாளிகையில் ஓய்வாய் வீற்றிருப்பவருமான மூத்த அரசர் வேலாழியார் சொல்ல, ஓலைநாயகம் எயினங்குமரனார் எழுத, ஏரிமாநகரில் அரியணை அமர்ந்து பவழக்கோட்டு நாட்டைக் காத்தருளும் இளநன்முல்லைத் தேவியார் திருமுன் வரும் ஓலை. தேவியாரின் ஏரிகள் நிறைக. மதகுகள் உறுதியாய் நிற்க. தேவியார் வேளைக்கு உண்க.

முதல் வரியிலேயே ஓலைநாயகம் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார். நம் நாட்டு முறை தேவியார் அறிந்ததே: அரச ஓலை எதுவாயினும், எழுதியவர் அடியில் ‘கண்டேன்’ என்று தம் கையால் பொறித்தால்தான் அவையேறும், அதன்மேல்தான் ஆணை பிறக்கும். அந்த ஒரு சொல்லைத் தராமலே எயினங்குமரனார் உம் தந்தையின் ஓலைகள் நாற்பதைப் பரணில் ஏற்றியிருக்கிறார். திமிங்கிலத்தின் பல்வலியை உம் தந்தை தீர்த்துவைத்த ஓலையும் அங்கேதான் கிடக்கிறது. அது கிடக்கட்டும். இந்த ஓலை பரணுக்குப் போனால் உயிர்கள் போகும். கார்த்திகை முழுதும் இன்னும் மிச்சமிருக்கிறது. கடல் இன்னும் வெதுவெதுப்பு ஆறவில்லை.

தேவியார் விடுத்த ஓலையில் இரண்டு வினவியிருந்தீர். கடல் நம்மேல் சினம் கொண்டது எதனால் என்பது ஒன்று. தந்தை அந்தக் கரையில் இன்னும் எதற்காக உட்கார்ந்திருக்கிறார், உடனே பல்லக்கு ஏறலாகாதா என்பது மற்றொன்று. இரண்டாவதை எழுதுகையில் உம் எழுத்தாணி ஓலையைக் கிழித்திருந்தது. அந்தக் கிழிசலை உம் தந்தை விரலால் நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

கடலுக்குச் சினமில்லை, மகளே; உடம்பு சுடுகிறது, அவ்வளவே. சித்திரை தொடங்கிக் கதிரவன் அதை அடுப்பிலேற்றிய அண்டாவைப்போலக் காய்ச்சுகிறான். (உம் தந்தை ஒருபடி அரிசி போட்டுப் பார்த்தார், குழைந்தே வந்தது. ஓலைநாயகம் முகத்தைச் சுளிக்கிறார்.) சுட்ட நீரின் ஆவி மேலே எழுகிறது, எழுந்த இடம் கனம் குறைந்து வெறுமையாகிறது, அதை நிரப்ப, பந்தியில் இலை போட்டதும் பாய்கிற கூட்டம்போல நாற்புறக் காற்றும் ஓடிவருகிறது. வருவது நேரே வந்து சேர்கிறதா என்றால், இல்லை. வழி சாய்ந்து, ஒன்றையொன்று துரத்தி, வட்டமடிக்கிறது. மேலே போன ஆவியோ குளிர்ந்து மேகமாகையில், சுமந்துபோன சூட்டை அங்கேயே இறக்கிவைக்கிறது. அந்தச் சூட்டில் காற்று இன்னும் உயர, கீழே இன்னும் வெறுமையாக, இன்னும் காற்று ஓடிவர, தன் சமையலைத் தானே உண்டு கொழுக்கும் பிராணி உலகில் புயல் ஒன்றுதான். கரையேறினால் அதற்கு வெந்நீர் கிடையாது. பசியால் மெலிந்து, சுமந்துவந்த நீரையெல்லாம் உள்நாட்டில் கொட்டிவிட்டு மடிந்துபோகிறது. ஏரிமாநகரின் ஏரிகள் வேறு எதனால் ததும்புகின்றன என்று நினைத்தீர்? ஆகையால் அதை வைய வேண்டா. அதன் நடுவை அறிந்துகொண்டால் போதும்.

ஐப்பசி இருபதாம் நாள் விடியலில் வடக்கிலிருந்து காற்று வந்தது. துறையின் வலைஞர் அறுபத்துமூவரும் மாளிகைக் கூடத்தில் ஒதுங்கினர். பெருங்காற்று வடக்கிலிருந்தே வரும் என்பது இத்துறையின் நெடுநாள் நம்பிக்கை. ஆகவே படகுகளைக் கரும்பாறையின் தெற்கு மறைவில், ஒற்றைக் கயிற்றில் கட்டியிருந்தனர். உச்சிப்பொழுதில் எல்லாம் சட்டென்று நின்றது. வெயில் அடித்தது. ஓட்டிலிருந்து நீர் சொட்டும் ஓசை கேட்டது. எயினங்குமரனார் கதவுத் தாழை நீக்கி, புயல் ஒழிந்தது, போய்ப் படகுகளைப் பாருங்கள் என்றார். பொய்யே சொல்லியறியாத வாய், கூட்டம் எழுந்துவிட்டது.

உம் தந்தை வாயிற்படியில் போய் நின்றார். இது புயலின் நடு, மறுபாதி தெற்கிலிருந்து வரும், ஒருவரும் போக வேண்டா என்றார். அவ்வளவே சொன்னார். படகுக்காரி முத்துநீலி என்பாள், ஐயாவுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது, பேச்சில் ஒரு சுறாவைக்கூடக் காணோமே என்று நடுங்கி, இடுப்புக் குழந்தையோடு மறுபடியும் உட்கார்ந்தாள். அவள் உட்காரவே மற்ற அறுபத்திருவரும் உட்கார்ந்தனர்.

ஓலைநாயகம் மட்டும், மூத்தவருக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, கயிறுகளைப் பார்க்கத் தாமே மணலில் இறங்கினார். உம் தந்தை நனைந்த வேட்டியைக் கொடியில் போட்டு, தெற்குக் காற்றின் முதல் மூச்சுக்காக அதையே பார்த்து நின்றார். இரண்டு நாழிகை அது அசையவில்லை. பின்பு அதன் நுனி வடக்கு நோக்கி ஒரு விரல் எழுந்தது. புலவர்கள் தென்றல் என்று கொஞ்சுகிற அதே திசைதான்! உம் தந்தை வேட்டியை உருவிக்கொண்டு மானை முந்தி ஓடினார் என்று எழுதச் சொல்ல, ஓலைநாயகம் ‘இருமுறை விழுந்து எழுந்து ஓடினார்’ என்று எழுதுகிறார். இருக்கட்டும். அதற்குள் பெருகிவிட்ட காற்றில் பாறையை அணைத்துக் கிடந்த ஓலைநாயகத்தை நோக்கி வேட்டித் தலைப்பை வீச, அவர் பற்ற, வலைஞர் பின்னால் வந்து உம் தந்தையின் இடுப்பைப் பற்றி இழுக்க, இருவரும் உள்ளே வந்து சேர்ந்தனர். மறைவென்று நம்பிய தெற்குப் பக்கத்தில் பதினேழு படகும் சிதறின. ஆள் ஒருவரும் போகவில்லை.

தாழ் நீக்கிய செய்தியை எழுத வேண்டா என்று உம் தந்தை சொன்னார். எழுதியே தீர்வேன் என்று எழுதுபவர் எயினங்குமரனாரே. அத்தகைய மனிதர், அது ஓய்ந்த புயல் ஒன்று, பின்னால் வந்தது வேறொன்று, ஆகவே நடுப்புயல் என்பது மூத்தவரின் வழக்கமான அளப்பு என்று இந்நொடி வரை சாதிக்கிறார். இரண்டு புயல் என்று அவை நம்பினால், அடுத்த முறையும் யாரோ ஒரு நல்லவர் தாழை நீக்குவார்.

ஆகவே தேவியார் பிறப்பிக்க வேண்டிய ஆணையாவது: கடற்கரை ஊர் அனைத்திலும், புயல் நடுவே காற்று நின்றால் கதவு திறக்கலாகாது, எதிர்த்திசைக் காற்றும் வீசி அடங்கிய பின்னரே திறக்க. படகுக்கு வடக்கே ஒரு கயிறு, தெற்கே ஒரு கயிறு. சங்குத்துறைக்குப் பதினேழு படகுக்கான மரம் அரச காட்டிலிருந்து வருக. தந்தை பல்லக்கு ஏற மாட்டார். ஏரி நிரம்பியதும் நடந்தே வருவார்; அந்த நீர் தாம் அனுப்பியது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ள வேண்டுமல்லவா? அதுவரை மகள் கலங்காதிருக்க.

வலம்புரிச் சங்கு முத்திரை இட்டது. அலை கரையை மறவாதவரை இவ்வாணை நிற்க.

இவை ஓலைநாயகம் எயினங்குமரன் எழுத்து. பாறையடியில் நின்று நிமிர்ந்தபோது, ஆழ்கிணற்றின் அடியிலிருந்து பார்ப்பதுபோலத் தலைக்குமேல் வட்ட நீலமும் சுற்றிலும் மேகச்சுவரும் இருந்தன. கடல்பக்கச் சுவர் என்னை நோக்கி நகர்ந்து வந்தது. ஒரே புயல்தான். கதவைத் திறந்தவன் நான் என்பதால் இத்தனை நாள் இதைச் சொல்லாதிருந்தேன். மழை விழுமுன் மூத்தவர் வீசிய வேட்டியை இரு கையாலும் பற்றினேன். உலர்ந்திருந்தது. கண்டேன்.