மாப்பிள்ளை செய்த மூடி

ஜூன் 6
மாப்பிள்ளை இன்று என் தேன்பெட்டிகளைப் பார்வையிட்டார். பார்வையிட்டார் என்றுதான் எழுத வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மந்திரி பாலம் திறக்க வந்த மாதிரி வரிசையாக நடந்தார். வேலை போன ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மகளோடு இங்கே வந்து தங்கி ஒரு மாதம் ஆகிறது. ஒன்பது பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டு, "மூடிக்கு அடியில தண்ணி கோத்திருக்கே அத்தை" என்றார். மழைக்காலத்தில் தண்ணீர் கோக்காமல் தேனா ஊறும்?

"அப்படிங்களா மாப்பிள்ளை" என்றேன். மாப்பிள்ளையிடம் வேறு என்ன சொல்ல முடியும்? மிச்சத்தை எழுதத்தானே இந்த நோட்டு.

ஜூன் 9
போன மழைக்குப் பதினாறு பெட்டியில் ஏழு போயிற்று. சுண்ணாம்பு நோய். ஈரம் ஏறினால் தேனீக் குஞ்சுப் புழு அடையிலேயே செத்து, சுண்ணாம்புக் கட்டியாக வெளுத்து இறுகிவிடும். தேனீக்கள் அதை இழுத்து வந்து வாசலில் போடும். இந்த மழைக்கும் அப்படி ஆனால் எனக்கு இந்தத் தொழில் இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் எல்லா மூடிக்கும் மேலே தார்ஷீட் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறேன். ஒரு சொட்டு இறங்காது.

சாப்பிடும்போது அவர் சொல்கிறார்: "தண்ணி வெளியிலேர்ந்து வரலை அத்தை. உள்ள இருக்கிற சூடு, ஜில்லுன்னு இருக்கிற மூடியில பட்டு வேர்க்குது. அது திரும்பப் பூச்சி மேலேயே சொட்டுது. ஃப்ரிட்ஜுலயும் இதே கதைதான்." என் தேனீயும் அவருடைய ஃப்ரிட்ஜும் ஒன்றாம். மகள் வேறு வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறாள்.

ஜூன் 12
சரிசெய்து காட்ட ஒரு பெட்டி வேண்டுமாம். கடைசிப் பெட்டியைக் கொடுத்தேன். எப்படியும் நோஞ்சான் அது. செத்தால் பழி அவர் தலையில் விழட்டும்.

ஜூன் 15
எங்கிருந்தோ தெர்மாகோல் கொண்டுவந்து வெட்டி, மூடியின் உள்பக்கம் ஒட்டினார். பெட்டியின் பின்காலுக்குக் கல் கொடுத்து முன்பக்கமாகச் சாய்த்தார். வேர்த்தாலும் தண்ணீர் வாசல் வழியாக ஓடிவிடுமாம். எல்லாம் முடித்து மூடியை வைத்தால், தெர்மாகோல் தடிமனாகிப் போய் மூடி உட்காரவே இல்லை. அமுக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஒருமுறை ஏறி உட்கார்ந்தும் பார்த்தார். மாப்பிள்ளை முன்னால் சிரிக்கக் கூடாதென்று நான் கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

ஜூன் 16
மூடி மூடியது. பெரிய சாதனை.

ஜூன் 25
விடாத மழை.

ஜூலை 2
காலையில் மழை விட்டிருந்தது. போய்ப் பார்த்தால் கடைசிப் பெட்டியின் வாசல் பலகை முழுக்க வெள்ளை வெள்ளையாக. எனக்குத் தெரியாதா அது என்னவென்று? கண்ணாடிகூட எடுத்துப் போடவில்லை. காகிதத்தில் வாரிச் சுருட்டிக்கொண்டு நேரே வீட்டுக்குள் வந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். "ஒரு வேலையில நிலைக்கத் தெரியலை, என் பொழப்புல கை வைக்க வந்துட்டீங்களா? பொண்ணைக் குடுத்தது பத்தாதா, பெட்டியையும் குடுக்கணுமா? இன்னிக்கே அதைக் கொளுத்தறேன் பாருங்க!" மகள் "அம்மா!" என்று கத்தினாள். அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"இந்தாங்க, நீங்க சாதிச்சது" என்று பொட்டலத்தை அவர் தட்டுக்குப் பக்கத்தில் பிரித்தேன்.

எல்லாம் பறந்துவிட்டது. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் செம்பில், மகள் தலையில், அவர் சட்டையில், வீடு முழுக்க வெள்ளைத் துணுக்கு. செத்த புழு கல் மாதிரி இருக்கும், பறக்காது. பறந்தது தெர்மாகோல்.

மகள் சிரித்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவர் ஒரு துணுக்கை நசுக்கிப் பார்த்தார். "பூச்சி தெர்மாகோலைக் கடிச்சு வெளிய தள்ளுது அத்தை. அடியில மெல்லிசாப் பலகை வெச்சு மூடியிருக்கணும். எனக்குத் தோணலை." அவ்வளவுதான். கை கழுவப் போய்விட்டார். பாதிச் சோறு தட்டிலேயே இருந்தது. பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை.

ஜூலை 3
வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, மற்ற எட்டுப் பெட்டிகளின் வாசலையும் பார்த்தேன். மூன்றில் வெள்ளை. அள்ளி வந்து அதே சாப்பாட்டு மேசையில் கொட்டி ஃபேனைப் போட்டேன்.

ஒன்றுகூடப் பறக்கவில்லை.

ஜூலை 4
தார்ஷீட்டைப் பிரித்து மூடிகளைத் திருப்பினேன். என் மூடிகளில் விரலால் இழுத்தால் தண்ணீர் ஓடுகிறது. அவருடைய மூடி, எலி குதறின மாதிரி அசிங்கமாக இருக்கிறது. ஆனால் காய்ந்து கிடக்கிறது. உள்ளே புழுக்கள் கொழுகொழுவென்று. அந்த நோஞ்சான் பெட்டியில்! எரிச்சலாக வந்தது. யார் மேல்? — வேறு யார் மேல், என் மேல்தான். ரெண்டு மழையா நானே இழுத்துக் கட்டி வேகவெச்சிருக்கேனே, அறிவுகெட்டவ.

சாயங்காலம், "மாப்பிள்ளை, ஏதோ பலகை வைக்கிறதா சொன்னீங்களே" என்று இழுத்தேன். "மத்த பெட்டிக்கும் அளவெடுத்துட்டேன் அத்தை" என்றார். கேட்பதற்கு முன்பே. திமிர்.

ஜூலை 17
நோய் கண்ட மூன்றுக்கும் முதலில் மூடி மாற்றினோம். ஒன்று போய்விட்டது. இரண்டு தேறுகின்றன, வாசலில் வெள்ளை இல்லை. அவருக்கு இமையில் கொட்டி ஒரு கண் மூடிக்கொண்டது. முகத்துக்கு அது ஒன்றும் மோசமில்லை.

ஜூலை 28
வெளியூர்க் கம்பெனி ஒன்றில் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ அன்னிக்குப் பேசினதுலேர்ந்து அவருக்கு இங்க சோறு இறங்கலைம்மா. போகலாங்கறாரு. நீ ஒரு வார்த்தை சொன்னா இருப்பாரு."

அந்த வார்த்தை என்ன என்று எனக்கும் தெரியும்.  சொல்லத்தான் வரவில்லை. இந்தப் பாழும் வாய்க்குத் திட்டுவது மட்டும் எப்படித்தான் வருகிறதோ.

"இன்னும் அஞ்சு மூடி பாக்கி இருக்கு. அரைகுறையா விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு சொல்லு" என்றேன்.

"இதான் நீ சொல்ற வார்த்தையா?"

"இதான்."

ஆகஸ்ட் 20
ஒரு மூடிக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறார். இழைக்கிறார், ஊதுகிறார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார், மறுபடி இழைக்கிறார். கம்பெனிக்காரன் இந்நேரம் வேறு ஆளைப் போட்டிருப்பான். இப்படி ஒரு சோம்பேறியை நான் பார்த்ததே இல்லை.

இன்று மூன்றாவது மூடியைக் கொண்டுவந்து காட்டினார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓரம் சரியில்லை, முதலிலிருந்து செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.