சந்தனத்துக்கு அடியில்

விஜயதசமி, இரவு.

சவ்வரிசி ஆலைக்கு இன்று மறுபடியும் போனேன். போன வார மின் பாதுகாப்புச் சோதனையில், கிழங்கு அரைக்கும் மோட்டாரின் மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பி அறுந்திருந்தது. 'ஓட்டக் கூடாது' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வந்தேன். இன்று பார்த்தால் ஓடுகிறது. கம்பி அறுந்தது அறுந்தபடியே கிடக்கிறது. ஸ்டிக்கரை யாரும் கிழிக்கவில்லை. ஆயுத பூஜைக்கு மோட்டாரைத் துடைத்து, ஸ்டிக்கர் மேலேயே சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள்.

கல்வராயன் மலையிலிருந்து வேலைக்கு வரும் ராமாயி, ஈரத்தில் வெறுங்காலோடு நின்று கிழங்கு தள்ளிக்கொண்டிருந்தாள். "தொட்டா ஷாக் அடிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"முந்தி அடிச்சிக்கினு இருந்துச்சு சார். இப்பதான் பூஜ போட்டாச்சே."

மோட்டாரை நிறுத்திவிட்டுச் சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். முதலாளி பதறி ஓடிவந்தார். "நல்ல நாளும் அதுவுமா பொட்ட அழிக்கிறீங்களே, இன்னா சார் இது?"

ராமாயியே தட்டிலிருந்து குங்குமம் எடுத்து அதே இடத்தில் வைத்தாள். முதலாளி சுவிட்சைப் போட்டார்.

அறிக்கை எழுதிக் கொடுத்தேன். பிரிக்காமலேயே சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டார்.

கை கழுவியும் நகக்கண்ணில் சந்தனம் போகவில்லை. காலை ஆறு மணிக்கு ராமாயி மறுபடி அந்த ஈரத்தில் நிற்பாள்.