நீலச் சட்டைக்காரிகளின் கடைசி ஆட்டம்

செப்டம்பர் 4, வியாழன்

பால் கணக்குக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதுகிறேன். மகள் நம் நாட்டுக்காக ஆடும் பெண்கள் ரக்பி: நாலு நாட்டு அணிகள், ஆளுக்கு மூன்று ஆட்டம். முதலில் வருகிறவர்கள் மட்டும் உலகக் கோப்பைக்குப் போகலாம். ஜெயித்தால் நாலு புள்ளி, சமன் என்றால் இரண்டு. கொஞ்சத்தில் தோற்றாலும் ஒன்று உண்டு. பந்தைக் கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்றினால் ஒரு ட்ரை; நாலு ட்ரை போட்டால் கூடுதலாக ஒன்று. மகள் விட்டுப்போன விதிப்புத்தகத்தை வைத்து இந்த ரக்பிக் கணக்கை நானே படித்துக்கொண்டேன்.

"உனக்கு ஒரு விசில் வாங்கித் தரட்டுமா?" என்கிறார் இவர்.

மகளுக்கு முப்பத்திரண்டு. இதை விட்டால் அடுத்த கோப்பைக்கு இன்னும் நாலு வருடம். முழங்கால் அதுவரை தாங்காதென்று டாக்டர் சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 6, சனி

நம் பெண்கள் ஜெயித்துவிட்டார்கள்! மூன்று ஆட்டமும் முடிந்து பத்துப் புள்ளி.

நீலச் சட்டைக்காரிகளுக்கு ஒன்பது. போன வாரம் நம்மை ஜெயித்தவர்கள். செவ்வாய்க்கிழமை ஓர் ஆட்டம் பாக்கி. அதில் ஒரு புள்ளிகூட வாங்காமல் அவர்கள் தோற்க வேண்டும். ஒன்று வாங்கினாலும் சமமாகிவிடும். சமமானால், நம்மை ஜெயித்தவர்களுக்குத்தான் இடம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

போனில் மகள்: "அம்மா, சாமிகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லேன். நீ சொன்னா கேப்பாரு." சிரித்தாள். சிரிப்பு சரியில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

கும்பிட உட்கார்ந்தேன். அவர்கள் தோற்கட்டும் என்று கேட்க வாய் வரவில்லை. அங்கேயும் ஒரு அம்மா இப்படி உட்கார்ந்திருப்பாளே? எப்படிக் கேட்பது? கடைசியில், "யாரும் தோக்க வேணாம் சாமி" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். இதெல்லாம் ஒரு வேண்டுதலா? இரண்டு பேர் ஆடினால் ஒருத்தர் தோற்கத்தானே வேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை. மைதானம் குளமாகிவிட்டதாம். ஆட்டம் ரத்து.

நாளைக்கு ஆடினால் என்ன? முடியாதாம். சம்பளம் கொடுக்கிற கிளப்புகள் இந்தப் பெண்களைச் சொந்த நாட்டுக்கு ஆட விடுவது இன்றுவரைக்கும்தான். அந்தத் தேதிகளைப் போன வருடமே எங்கோ உட்கார்ந்து முடிவுசெய்துவிட்டார்கள். ரத்தானால் சமன் என்று எழுதுவார்கள். ஆளுக்கு இரண்டு புள்ளி.

ஒன்பதும் இரண்டும் பதினொன்று; நமக்குப் பத்துதான். மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.

யாரும் தோற்கவில்லை. ஐயோ, நான் என்ன கேட்டுத் தொலைச்சேன்?

செப்டம்பர் 10, புதன்

"மழைக்கு யாரும்மா என்ன பண்ண முடியும்? விடு," என்றாள் மகள் போனில். திங்கட்கிழமை வேண்டிக்கொண்டதை அவளிடம் சொல்லவில்லை. இவரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 13, சனி

காலையில் கும்பிட்டேன். எதுவும் கேட்கவில்லை.

பதினோரு மணிக்கு மகள் வந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள். எழுந்ததும் பூட்ஸைக் கழுவி, துடைத்து, பேப்பரில் சுற்றி, சமையலறைப் பரணில் வைத்தாள். வருடக்கணக்காக எடுக்காத பெரிய பாத்திரங்களெல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. ஸ்டூலை நான்தான் பிடித்துக்கொண்டேன்.