பத்தாகப் பிரிந்த ஒரு பங்கு

1926 செப்டம்பர் 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். கடையில் ஆளில்லை. சீனி மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றியாச்சு. மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது, நாளைக்குச் சொல்ல வேண்டும்.

கொழும்பிலிருந்து தேயிலைக் கம்பெனிக் கடிதம். இங்கிலீஷ். பாதிதான் விளங்கியது: நூறு ரூபாய்ப் பங்கு இனிமேல் பத்து ரூபாய்ப் பங்காம். "கம்பெனி விழுந்துட்டா?" என்று கேட்டா மனைவி. தெரியாது என்றேன்.

வாப்பா வாங்கிய ஒரே பங்கு அது. மடுல்கெல்லவிலிருந்து கண்டிக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றி வந்த மாட்டு வண்டிக் காசில் வாங்கியது. அவர் மவுத்தான பிறகு எனக்கு மூத்த நானா பெயரிலும் என் பெயரிலும் சேர்த்து இருக்கிறது.

செப். 8, புதன்

வெயில். பேங்குக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் கடிதத்தை வாசித்துச் சிரித்தார்.

"பயப்படாதேங்கோ முதலாளி. ஒண்டும் குறையேல்லை. ஒரு பங்கு வச்சிருந்த ஆளுக்கு இனிப் பத்துப் பங்கு. நூறு ரூபா நோட்டைப் பத்து ரூபா நோட்டாய் மாத்தினது போலத்தான்."

"அப்ப எதுக்கு இந்த வேலை?"

"விலை ஏறிப் போச்சு. முழுசா வாங்கச் சின்ன ஆக்களிட்டைக் காசில்லை. துண்டாக்கினால் வாங்குவினம்."

பிறகு, கடிதத்தை மடித்துக்கொண்டே: "உங்களுக்கும் வசதி. தமையனும் நீங்களும் ஆளுக்கு அஞ்சாய் எழுதி எடுக்கலாம். ரெண்டு பேரும் வந்து நிண்டு கையெழுத்து வைக்கிற கரைச்சல் இல்லை."

நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னார். குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

செப். 12, ஞாயிறு

கடை பூட்டு. மழை.

நானாவும் நானும் பிரிந்ததை நினைத்துக்கொண்டிருந்தேன். கெலிஓயாவில் இன்னொரு கடை போடுவோம் என்றார் அவர். வேண்டாம் என்றேன் நான். அவ்வளவுதான் விஷயம், வளர்ந்துவிட்டது. பிரித்தவை: சரக்கு, பாக்கிக்காரர்கள், தராசு (அவருக்குப் பெரியது, எனக்குச் சின்னது), வாப்பா உட்கார்ந்த இரண்டு கதிரைகள், அண்டா. பங்கு மட்டும் பிரியவில்லை. ஒன்றை எப்படிப் பிரிக்கிறது? விற்றால் முழுசா விற்க வேண்டும். விற்க இரண்டு பேருக்கும் மனமில்லை.

அதனால் வருஷத்துக்கொரு நாள். லாபக் காசு வரும், ஆள் அனுப்புவேன், நானா வருவார். பேங்கில் இரண்டு கையெழுத்து. பிறகு எதிரில் தேத்தண்ணிக் கடை. பிள்ளைகள் சுகமா, அரிசி என்ன விலை, அவ்வளவுதான் பேச்சு. ஆனாலும் அந்த ஒரு நாளுக்காக நான் சட்டை தேய்க்கச் சொல்வேன். இது மனைவிக்குத் தெரியும். சொல்லிக் காட்டமாட்டா.

பங்கு வாங்கிய புதிதில் வாப்பா எங்கள் இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றி மடுல்கெல்லவுக்குக் கூட்டிப் போனார். நம்மட தோட்டத்தைப் பாருங்க என்றார். மலை முழுக்கத் தேயிலை. எங்கள் மரம் எது என்று நானாவுக்கும் எனக்கும் சண்டை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "வாங்க சின்ன முதலாளி, இந்தா இந்த மரம் ஒங்களுது. அண்ணனுக்கு அந்தா அது. சண்ட போடாதீங்க" என்றாள். நானா தன் மரத்தில் ஒரு இலை கிள்ளி வாயில் போட்டார். கசப்பு. துப்பவில்லை, விழுங்கினார். வாப்பா சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது.

செப். 17, வெள்ளி

ஜும்மா முடிந்து நானா வந்தார். தாடி நன்றாக நரைத்துவிட்டது. கடிதத்தில் உள்ளதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆளுக்கு அஞ்சு. எழுதிரு தம்பி."

"சேர்த்தே வச்சாலும் வைக்கலாம் நானா."

"எதுக்கு? வசதி வந்தீக்கிதே."

கையெழுத்து வைத்தார். பழைய பத்திரத்தைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். அலுமாரியிலிருந்து எடுத்தேன். தடித்த தாள், மூலையில் வாப்பாவின் எண்ணெய் விரல் பட்ட கறை. நானா அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பஸ் பிடிக்க வேண்டுமாம்.

விற்கத்தான் போகிறார் என்று நினைக்கிறேன். முன்பு விற்க என் சம்மதம் வேண்டும். இனி வேண்டாம்.

அக். 19, செவ்வாய்

புதுப் பத்திரம் வந்தது. என் பெயர் மட்டும். தாள் மெலிசு, எழுத்து பார்க்க வடிவு. உள்ளே வைத்தேன்.

மச்சினன் திகனயிலிருந்து வந்தான். அதே கம்பெனியில் இரண்டு பங்கு வாங்கியிருக்கிறானாம். "நானும் ஒங்கட கம்பெனி முதலாளி மச்சான்!" சந்தோஷப்படத்தான் வேண்டும். பத்து ரூபாய்ப் பங்கென்றபடியால்தானே அவனால் முடிந்தது. ஆனால் வாப்பா அந்த ஒரு பங்குக்காக எத்தனை நாள் தேத்தண்ணி குடிக்காமல் வண்டி ஓட்டினார் என்று இவனுக்கு யார் சொல்வது.

நவ. 4, வியாழன்

லாபக் காசு வந்தது. பாதிதான், என் பங்குக்கு. கணக்கு சரி. ஒன்றும் குறையவில்லை.

தனியாகப் போய்த் தனியாகக் கையெழுத்து. தேத்தண்ணிக் கடைக்காரன் பழக்கத்தில் இரண்டு கோப்பை கொண்டுவந்து வைத்துவிட்டான். "மத்தவர் எங்க?" வருவார் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ.

நவ. 7, ஞாயிறு. கெலிஓயா

நானாவின் கடைத் தாளில் எழுதுகிறேன். வீட்டுக்குப் போய் டயரியில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

காலை ரெயிலில் வந்தேன். இந்தக் கடைக்குள் இதுவரை கால் வைத்ததில்லை. நம் கடையைவிடப் பெரிது. நானா ஒரு கிழவியோடு மிளகாய் விலைக்கு வாதாடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

"என்ன தம்பி, கையெழுத்து வேணுமா?"

"இல்ல நானா. சும்மா வந்தேன்."

மிளகாயை அப்படியே தராசில் விட்டார். பிறகு உள்ளே திரும்பி மதினிக்குச் சத்தம் போட்டார்: "இங்க பாரு, தம்பி வந்தீக்கான். சும்மா வந்தீக்கான்!"

கிழவிக்குக் கேட்ட விலைக்கே மிளகாய் கொடுத்தார்.

விற்றீர்களா என்று நானே கேட்டுவிட்டேன். "ரெண்டை வித்தேன். பழைய கூரை ஒழுகிச்சு, தகரம் போட்டேன். மத்த மூணும் ஈக்கிது. முழுசா விக்கணுமெண்டா விக்கமாட்டேன், ஒழுகட்டுமெண்டு விட்டீப்பேன்." மேலே கையைக் காட்டினார். "இது வாப்பாட கூரை."

மதினி சோறு போட்டா. ஆட்டிறைச்சி, வட்டிலப்பம். சாப்பிட்ட பிறகு மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசினோம். மடுல்கெல்ல இலையைப் பற்றிக் கேட்டேன். ஞாபகமே இல்லையாம், பொய்.

மழை விட்டதும் போகிறேன் என்றேன்.

"விடும்போது பாப்பம்" என்றார். எனக்குப் படுக்கப் பாய் தேடிக்கொண்டிருக்கிறார்.