பத்தில் மூன்றாவது வீடு

நேற்று உன் மகள் அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. பிரித்ததும் உன் பச்சைத் தைல வாசம்தான் முதலில் வந்தது. நெற்றிக்குத் தேய்த்தது போதாதென்று புத்தகத்துக்கும் தேய்த்துவிட்டாய் போலிருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் வாசம் போய்விடும் என்று மூடியே வைத்திருந்தேன். கீழே கடையில் முட்டைக்கோஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மலைமேல் இந்தப் பிரிஞ்சாங் ஊர் அறையில் உன்னைப் பற்றிப் பேச எனக்கு ஓர் ஆள் கிடையாது. அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

அதே புத்தகம்தான். அல்கோரிதம் என்றால் என்ன, அது நம் அன்றாட வாழ்க்கையில் எங்கெங்கே புகுந்து உட்கார்ந்திருக்கிறது என்று சாதாரண ஆட்களுக்குச் சொல்கிற புத்தகம். உன் மகள் படிப்பை முடித்துக் கிள்ளானுக்கு வேலைக்குப் போனபோது உன் வீட்டில் விட்டுப் போனது. என் வீட்டுக்காரியை அடக்கம் செய்துவிட்டு வந்து நான் வெளியே தலை காட்டாமல் கிடந்தேனே, அப்போது அதை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாய். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "இத கேளுடா, ஒன்னோட லோரிய பத்தி எழுதியிருக்கான்" என்றாய்.

நான் தேயிலை எஸ்டேட்டில் இலை லோரி ஓட்டியவன். நீ அதே எஸ்டேட் கிளினிக்கில் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற டிரெசர். எனக்குத் தமிழும் மலாயும் போதும், இங்கிலீஷ் ஏறவே இல்லை. அதனால் ஞாயிறு பூசை முடிந்ததும் நீ வாசிப்பாய், தமிழில் சொல்வாய், நான் சண்டைக்கு வருவேன். கடைசியாக ஏற்றிய சரக்குதான் முதலில் இறங்கும் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. முதலில் ஏற்றிய இலை லோரியின் அடியில் கிடந்து சூடேறிப் போகும் என்பதை முப்பது வருஷமாகக் கையாலேயே தொட்டுப் பார்த்தவன் நான். இதற்குப் பெயர் வைத்துப் புத்தகம் போட்டு விற்கிறானா என்று அந்த எழுத்தாளர் மேல் எனக்குக் கோபம். நீ சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போனாய். காத்திருக்கிறவர்களில் சின்ன வேலையோடு வந்தவனை முதலில் அனுப்பினால் எல்லோருடைய காத்திருப்பும் குறையும் என்று அதில் வந்தது. மறுநாளே கிளினிக்கில் காய்ச்சல் மாத்திரைக்கு வந்தவர்களை முன்னால் விட்டாய். கால் வெட்டுக்குக் கட்டு மாற்ற வந்த கங்காணி உன்னைத் திட்டிக்கொண்டே போனார். அதைச் சொல்லிச் சொல்லி நாம் சிரித்தது எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது.

நீ சும்மா வாசித்தவன் இல்லை. சனிக்கிழமையே அடுத்த நாளுக்கான பக்கங்களைப் படித்து, கடினமான இடங்களில் ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதி வைப்பாய். தப்பான மருந்தைக் கொடுத்துவிடக் கூடாது என்கிற டிரெசர் பயம் உனக்கு அர்த்தம் சொல்வதிலும் இருந்தது.

பிறகு அந்த அத்தியாயம் வந்தது. எதையாவது தேடும்போது எப்போது நிறுத்துவது என்பதைப் பற்றியது. பத்து பார்க்கப் போகிறாய் என்றால் முதல் மூன்றை வெறுமனே பார், எவ்வளவு நன்றாக இருந்தாலும் எடுக்காதே. நாலாவதிலிருந்து, அதுவரை பார்த்ததையெல்லாம் விட நல்லது எது முதலில் வருகிறதோ அதை எடு. நீ இதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். இருவருக்கும் அந்த வருஷமே ஓய்வு. ஓய்வு வந்தால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டுச் சாவியை ஆபீஸ் கணக்கரான கிராணியிடம் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். மலையை விட்டு இறங்க உனக்கும் மனமில்லை, எனக்கும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாடகை வீடு, சாகிறவரை ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு. வேறு ஆசை எதுவும் நமக்கு இருக்கவில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி ஒன்றிலிருந்து பத்துவரை எழுதினேன். பார்த்த முதல் இரண்டு வீடுகளும் உதவாதவை. மூன்றாவது கம்போங் ராஜாவில் இருந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு வாசல், இரண்டு சமையலறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர், பின்னால் சீனருடைய தக்காளித் தோட்டம். நீ உள்ளே போய்க் குழாயைத் திறந்து மூடினாய். பலகையைத் தட்டிப் பார்த்தாய். மறுபக்கம் நின்றிருந்த நான் பதிலுக்குத் தட்டினேன். வெளியே வந்ததும் கேட்டாய்.

"நல்லா இருக்குல்ல?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது மூணாவது லா. பாக்க மட்டுந்தான்."

"சரி" என்றாய். அவ்வளவுதான். மோட்டாரின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாய்.

அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விடிந்தால் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். நாலு, ஐந்து, ஆறு. ஞாயிற்றுக்கிழமையும் வீடு பார்க்கப் போனதால் வாசிப்பு நின்றுபோனது. மூன்றாவதை மிஞ்சி ஒன்றும் வரவில்லை. வரவே இல்லை என்றால் கடைசியைத்தான் எடுக்க வேண்டும் என்பதும் அந்த விதியிலேயே இருக்கிறது. எட்டாவதைப் பார்க்கும்போது புத்தி வந்து கம்போங் ராஜா வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். ஒரு மாதம் காலியாகவே கிடந்ததாம், முந்தின வாரம்தான் ஆள் வந்துவிட்டார்களாம். பத்தாவது இந்த அறை. ஒரு கட்டிலுக்கு மேல் போட இடமில்லை.

"நீ எடுத்துக்க. நான் மக வீட்டுக்குப் போறேன்" என்றாய். சுடுதண்ணீர் வைக்கப் போகிறேன் என்று சொல்வதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். கிள்ளான் சூடு உனக்கு ஆகவில்லை. போனில் பேசும்போதெல்லாம் அங்கே பனி இருக்கா என்றுதான் முதலில் கேட்பாய். எட்டே மாதம். நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடத் தயாராக இருந்தார்கள். உன் முகத்தை நன்றாகப் பார்க்கக்கூட முடியவில்லை.

நீ போன பிறகு என்னை நானே தேற்றிக்கொண்டது ஒன்றை வைத்துத்தான். நாம் முறைப்படிதான் தேடினோம், அதிர்ஷ்டம் இல்லை. அதுவும் நேற்றோடு போயிற்று.

புத்தகத்தைப் புரட்டினேன். அந்த அத்தியாயத்தில் நாம் நிறுத்திய இடத்துக்கு அப்பாலும் இரண்டு பக்கத்துக்கு உன் பென்சில் எழுத்து இருந்தது. நான் வராவிட்டாலும் நீ சனிக்கிழமை வேலையை விடவில்லை. "முதல் மூன்றை விடுவது, எது நல்லது என்று தெரியாதவனுக்கு. தனக்கு வேண்டியது இன்னது என்று முன்னாலேயே தெரிந்தவன் காத்திருக்க வேண்டாம், முதலாவதே அதுவாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம்." அதற்குக் கீழே சின்னதாக, "மூணாவது வீடு. அவங்கிட்ட சொல்லணும்." அந்த வரியை ஒரு கோடு கிழித்து அடித்திருந்தாய்.

உடனே உன் மகளுக்குப் போன் செய்து கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. வீடு காலியாக இருந்த அந்த நாட்களில் அவளே உன்னிடம், மாமாவிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்டாளாம். நீ சொன்னதை அவள் அப்படியே எனக்குச் சொன்னாள்.

"பொண்டாட்டி போனதுலேருந்து அவன் இப்பத்தான் காலையில எந்திரிக்கிறான். தேடட்டும் விடு."

உன் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் தாள் தாங்காது. யார் கேட்டார்கள் உன்னிடம்? நான் எழுந்திருக்காவிட்டால்தான் என்ன, அந்தப் பலகையைத் தட்டி நீ எழுப்பியிருக்க மாட்டாயா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு நாள் கத்தியிருப்பேன், மறுநாள் வாடகைச் சீட்டில் கையெழுத்துப் போட்டிருப்பேன். முப்பது வருஷம் பழகிய உனக்கு இது தெரியாதா? கத்தி முடித்த பிறகு அழுதேன். உன்னிடம் பொய் எதற்கு, நீ நினைத்தது தப்பும் இல்லை. அந்த நோட்டுப் புத்தகம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த மாதங்களை நான் தாண்டியிருக்க மாட்டேன். நான் எழுந்து நடமாட நீ உன் வீட்டைக் கொடுத்துவிட்டுச் சூட்டுக்குப் போனாய். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை அறைக்குள் இருக்க முடியவில்லை. மோட்டாரை எடுத்துக்கொண்டு லெம்பா பெர்த்தாம் பக்கம் இறங்கினேன். ஒரு தோட்டத்தின் ஓரமாக வீடு வாடகைக்கு என்று அட்டை தொங்கியது. எனக்கு வீடு தேவையில்லை, இருந்தாலும் நிறுத்தினேன். சீனக் கிழவி ஒருத்தி கதவைத் திறந்துவிட்டாள். குழாயைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் நன்றாக வந்தது. எத்தனை பேர் குடிவரப் போகிறீர்கள் என்று மலாயில் கேட்டாள்.

"துவா ஓராங்" என்றேன். இரண்டு பேர்.

அவள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.