பத்து டிகிரி கால்வாய்

மத்திகிரி
20.12.2024

அன்புள்ள சரிதாவுக்கு,

நலம்தானே? அங்கே சிக்னல் கிடைக்காது என்றாய், அதனால்தான் இந்தக் கடுதாசி. பார்சலில் ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். பத்து டிகிரியில் படகில் நின்று என்ன ஆராய்ச்சியோ! இங்கே பதினாலுக்கே ஷிப்ட் பஸ்ஸில் பல் தந்தியடிக்கிறது. ஓவர்டைம் முடிந்து நீ இல்லாத வீட்டுக்கு வந்தால் சோறு வடிக்கக்கூடத் தெம்பில்லை. நீ கால்வாயோடு நிற்கிறாய், கடலுக்குள் போக வேண்டியதில்லை. அது ஒன்றுதான் நிம்மதி. நீ சொல்லிவிட்டுப் போன ஆறு மாதத்தில் மூன்று போயிற்று.

உன் மாதேஷ்

ஹட்பே, லிட்டில் அந்தமான்
18.01.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்வெட்டரைப் பார்த்துப் படகே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பத்து டிகிரி என்பது குளிர் இல்லை மாமா. பள்ளியில் படித்தோமே அட்சரேகை, அந்தக் கணக்கு. இங்கே வியர்த்துக் கொட்டுகிறது. கால்வாய் என்பதும் பெயர்தான். இந்தத் தீவுக்கும் தெற்கே கார் நிகோபாருக்கும் நடுவே நூற்றைம்பது கிலோமீட்டர் கடல். பறக்கும் மீன் படகுக்குள்ளேயே வந்து விழும். தெற்குத் தீவுகள் சிலவற்றில் குரங்கு உண்டு. இந்தப் பக்கம் ஒன்றுகூடத் தானாகக் கடந்து வந்ததில்லை. எந்த உயிர் எந்தக் கரையில் நின்றது என்றுதான் கணக்கெடுக்கிறோம்.

சரிதா

மத்திகிரி
09.02.2025

சரிதா,

நம் ஊர் கெலவரப்பள்ளிக் கால்வாய் மாதிரி என்று நினைத்துத்தானே சரி என்றேன்! வேட்டியை மடித்துக் கட்டினால் தாண்டிவிடலாம் அதை. அம்மாவிடமும் அப்படியே சொல்லி வைத்தேன். தெரிந்தும் ஏன் திருத்தவில்லை? கோபப்படக்கூட முடியவில்லை, அலுத்துவிட்டது. மார்ச்சோடு வந்துவிடுவாய்தானே? அதை மட்டும் எழுது.

மாதேஷ்

ஹட்பே
02.03.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பஸ் ஸ்டாண்டில் "கால்வாய் தானே புள்ள, போய்ட்டு வா"ன்னு நீங்கள் சொன்னபோதே தெரியும். கடல் என்றால் விட மாட்டீர்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். தப்புதான். விலங்கியல் படித்துவிட்டு ஆறு வருஷம் கம்பெனியில் போல்ட் சரிபார்த்தேன். இன்னும் ஒரு வருஷம் பார்த்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும்.

கால்வாய்க்குத் தெற்குக் கரையில், கார் நிகோபாரில், இரண்டு வருஷ வேலை தருகிறார்கள். நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. மறைக்கவும் மனசில்லை.

சரிதா

மத்திகிரி
23.03.2025

சரிதாவுக்கு,

கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் விட்டிருப்பேனா என்று யோசித்தேன். விட்டிருக்க மாட்டேன். அதனால் உன்னைத் திட்டவும் வாய் வரவில்லை.

நாம் இருந்த இந்த வீட்டைக் காலி செய்கிறேன். சூளகிரியில் கம்பெனிப் பக்கமே ஒரு ரூம் பார்த்தாயிற்று, ஓர் ஆளுக்குப் போதும். உன் புடவைகளையும் புத்தகங்களையும் உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். புது விலாசத்தை இதில் எழுதவில்லை.

மாதேஷ்