பொட்டு வைத்த சைக்கிள்

சனிக்கிழமை, இரவு.

நான் வாங்கிய புதுச் சைக்கிளும் வாகனமே என்று இன்று காலை எங்கள் வீட்டில் ஏகமனதாக முடிவானது. ஆகவே புதுக் காருக்குச் செய்த பூசை இதற்கும் நடந்தது. வெறும் சந்தனம் இரும்பில் ஒட்டாதென்று என் மனைவி மஞ்சுளா அதை நல்லெண்ணெயில் குழைத்தாள். சில்லுகளில் பிரேக் கவ்விப் பிடிக்கும் வட்டத் தட்டுகள் பளபளப்பாக இருந்ததால் பொட்டுகளை அங்கேதான் வைத்தாள். நானும் பக்தியோடு கும்பிட்டேன்.

மத்தியானம் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஹண்டர் வாலியில் ஓடினேன். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஏரிக்கு இறங்கும் சரளைப் பாதையில் பிரேக்கை அழுத்தினேன். சைக்கிள் நிற்கவில்லை. இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். வேகம் கூடியது. தண்ணீர் பெரிதாகிக்கொண்டே வந்தது. எனக்கு நீந்தத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கொடிகளுக்குள் திருப்பினேன். கம்பி வேலி பிடித்துக்கொண்டது. விழுந்து கிடந்தபோது நல்லெண்ணெய் மணத்தது.

இப்போதும் கண்ணை மூடினால் ஏரி வருகிறது.

மஞ்சுளா அழுதுகொண்டே காயத்துக்கு மருந்து போட்டாள். எண்ணெயைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.

"பாத்தீங்களேப்பா? காலமை பூசை செய்தபடியாத்தான் தப்பினீங்கள்."

"ஓம்," என்றேன்.

அடுத்த மாதம் இத்தாலியில் சைக்கிள் பயணம். அங்கே மலைகள் இதைவிட உயரம். புறப்படும் நாள் பூசைக்கென்று லிட்கம் தமிழ்க் கடையில் நல்லெண்ணெய் பெரிய போத்தலாக வாங்கி வைத்திருக்கிறாள்.